கேள்வி – பதில்: ஜாஸில் கிற்றார்

கேள்வி: ஆரம்பகால ஜாஸ் இசைத்தட்டுகளில் கிற்றார் கேட்பதே இல்லையே, ஏன்?
– வாசகர், கோண்டாவில்

பதில்: கிற்றார் இருந்தது தம்பி, எடுபடவில்லை. நல்லூர்த் திருவிழாவில் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் நடுவே வீணை வாசித்தால் கேட்குமா? ட்ரம்பெட்டுக்கு ஈடுகொடுத்தது பாஞ்சோ என்ற, சத்தம் கூடிய தந்தி வாத்தியம்தான். 1925இல் மைக் வைத்து ஒலிப்பதிவு தொடங்கியதும் நிலைமை மாறியது.

கிற்றார் கலைஞர்களான எடி லாங்கும் லொனி ஜோன்சனும் 1928-29இல் சேர்ந்து வாசித்த பதிவுகளைத்தான் என் மாணவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுவேன். ஜோன்சன் ஒற்றைத் தந்தியில் பாட, லாங் கீழே கோர்ட் (ஒரேநேரத்தில் ஒலிக்கும் பல சுரங்கள்) அடுக்குவார். ஜோன்சன் கறுப்பர், லாங் வெள்ளையர். இருவரும் சேர்ந்து வாசித்தது தெரியக்கூடாதென்று லாங்கின் பெயரை மறைத்து 'பிளைண்ட் வில்லி டன்' என்று அச்சிட்டார்கள். இன்றும் எனக்கு மனம் ஆறாத விஷயம் இது. லாங் 1933இல், 30 வயதில் போய்விட்டார்.

அப்புறம் மின்கிற்றார். 1939இல் கிளாரினெட் கலைஞர் பெனி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியனைத் தேடிக் கேளுங்கள். ஹெட்போன் கட்டாயம்.