மார்க்கிரேவியா கொடியில் படத்தில் இருக்கும் நீள இலை ஏன் வரவில்லை? வேறு செடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றியிருக்க மாட்டார்கள். கண்ணாடித் தொட்டிக்குள் வைத்திருப்பீர்கள், அது வட்ட வட்ட இலைகளோடு கட்டையில் அப்பிக்கொண்டு ஏறும், அதானே? உங்களிடம் இருப்பது அதன் இளம்பருவம்.

என்னிடமும் ஒன்று கார்க் பட்டையில் ஏறுகிறது. இலைக்குக் காம்பே தெரியாது. தண்டின் இருபுறமும் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றின் விளிம்பில் இன்னொன்று ஏறிப் படிந்திருக்கும். தண்டின் அடியில் கிளம்பும் மெல்லிய வேர்கள் பட்டையின் பிளவுகளில் இறங்கிவிடும். வீட்டுக்கு வந்த ஒருவர் "ஸ்டிக்கரா இது?" என்று நகத்தால் சுரண்டினார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

மெக்சிகோ முதல் பிரேசில் வரையுள்ள காடுகளிலும் கரீபியத் தீவுகளிலும் இப்படித்தான் மரமேறுகிறது. உயரே போனபின் கிளைகள் மரத்தை விட்டு விலகித் தொங்கும். அவற்றில்தான் காம்புள்ள, தடித்த, நீள இலைகள். பூங்கொத்தும் அந்தக் கிளை நுனியில்தான். பூவிதழ்கள் ஒரே மூடியாக ஒட்டியிருந்து, மலரும்போது மொத்தமாகக் கழன்று விழும். கொத்தின் நடுவில் இருப்பவை மலட்டுப் பூக்கள். அவற்றின் பூவடிச் செதில்கள் குடுவையாக மாறித் தேனை வைத்திருக்கும்.

கியூபாவின் மார்க்கிரேவியா எவேனியா இன்னும் கெட்டிக்காரச் செடி. பூங்கொத்துக்கு மேலே குழிந்த இலை ஒன்றை வைத்திருக்கிறது. தேனைத் தேடி வரும் வௌவால் எழுப்பும் ஒலியை அது பலமாக எதிரொலிக்கும், அதை வைத்து வௌவால் பூவைக் கண்டுபிடிக்கும். அந்த இலையின் மாதிரியை வைத்துப் பார்த்தபோது வௌவால்கள் தேனைத் தேடும் நேரம் பாதியாகக் குறைந்தது என்று 2011-இல் சயன்ஸ் இதழில் ஆய்வு வந்தது.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. மார்க்கிரேவியாவைத் தொற்றுச்செடி, அதாவது மரத்தின்மேலேயே ஒட்டி வாழும் செடி, என்றும் சொல்வதுண்டு. தரையில் முளைத்து ஏறுவதை அப்படி எப்படிச் சொல்லலாம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், இந்தப் பேரினத்தில் இரண்டு வகையும் உண்டு. மரத்தின் சாற்றையும் இது உறிஞ்சாது, பிடிமானத்துக்குத்தான் மரம்.

சின்னத் தொட்டிக்குள் நீள இலையை எதிர்பார்க்காதீர்கள். பிய்த்து வேறிடத்தில் நடவும் வேண்டாம், வேர் அறுந்துவிடும். செடி வளர்ப்போர் குழுக்களில் கேட்டால் எதற்கும் "தண்ணீர் அதிகம்" என்றுதான் சொல்வார்கள். இந்த விளக்கத்தை ஒரு குழுவில் எழுதினேன், நீளமாக இருக்கிறது என்று தூக்கிவிட்டார்கள். காலை வணக்கப் படங்களை மட்டும் யாரும் தொடுவதில்லை.