போட்டோஷாப் ‘லோடிங்’கிலேயே நிற்கிறது, கடைக்காரர் மேல் கேஸ் போடலாமா?

கேள்வி: நான் திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் கல்யாண போட்டோகிராபர். உதவிக்கு ஒரு பையன் மட்டும் இருக்கிறான். போன தை மாதம் டவுனில் ஒரு கடையில் ரூ.82,000 கொடுத்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினேன். போட்டோஷாப் ‘லைஃப்டைம்’ போட்டுத் தருகிறோம் என்று தனியாக ரூ.4,000 வாங்கினார்கள். பில்லில் கம்ப்யூட்டர் மட்டும்தான் இருக்கிறது. 4,000 ரூபாயை போனில் அனுப்பினேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது. சித்திரையிலிருந்து, ஐகானைத் தட்டினால் முதல் படம் வந்து ‘லோடிங்’ என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. கடைக்காரர் முதலில் வைரஸ் என்றார். அப்புறம் ரேம் போதாது என்று ரூ.3,200 வாங்கிக்கொண்டு ரேம் போட்டார். அப்படியும் திறக்கவில்லை. இப்போது போனையே எடுப்பதில்லை. இதனால் ஒரு கல்யாண ஆல்பம் இரண்டு மாதம் தாமதம். பெண்ணின் அப்பா ஒரு லட்சம் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். நான் கடைக்காரர் மேல் நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போடலாமா? பெயர் வேண்டாம், ஐயா.

பதில்: போடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் ‘லைஃப்டைம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அடோபி நிறுவனம் 2013லேயே சந்தா முறைக்கு மாறிவிட்டது. அதற்குப் பிறகு வந்த போட்டோஷாப் பதிப்புகளை மாதத்துக்கோ வருடத்துக்கோ பணம் கட்டித்தான் ஓட்ட முடியும். ஒருமுறை காசு கொடுத்து ஆயுசு முழுக்க வைத்துக்கொள்வது என்பது அதில் கிடையாது. ரூ.4,000க்கு ஒருவர் அதைத் தருகிறார் என்றால், பூட்டு உடைத்த ‘கிராக்’ பிரதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிறுவும்போது உங்கள் மெயில் ஐடி போட்டு லாகின் செய்தீர்களா? ஆன்டிவைரஸை நிறுத்தினார்களா? நெட்டைத் துண்டித்துவிட்டுப் போட்டார்களா? “அப்டேட் கேட்டால் கொடுக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினார்களா? லாகின் கேட்கவே இல்லை, மற்றதெல்லாம் நடந்தது என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. கையோடு விண்டோஸும் இதே கதையா என்று செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் இது சகஜம்.

இதை நான் ஏன் இவ்வளவு துருவுகிறேன் என்றால், நீங்கள் போடும் மனுவே உங்களுக்கு எதிரான வாக்குமூலமாக மாறக்கூடும். பதிப்புரிமைச் சட்டம் 1957ன் 63பி பிரிவைப் பாருங்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அதோடு ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்தால் சிறை இல்லாமல் அபராதத்தோடு விடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. தொழிலுக்குப் பயன்படுத்தியவருக்கு அந்தச் சலுகை இல்லை. நீங்கள் ஆல்பம் டிசைன் செய்து காசு வாங்குபவர்.

இதில் ‘தெரிந்தே’ என்ற சொல்தான் உயிர்நாடி. தை மாதம் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஒரிஜினல் என்று நம்பித்தான் காசு கொடுத்தேன் என்றால் நான் நம்புகிறேன், கோர்ட்டும் நம்பலாம். ஆனால் இதைப் படித்த பிறகும் அதையே தட்டித் தட்டித் திறக்கப் பார்த்தால் ‘தெரியாது’ என்ற வாதம் போய்விடும். ஆகவே இன்றோடு அந்தப் பிரதியைத் தொடுவதை நிறுத்துங்கள். அதற்காக அழித்துவிடவும் வேண்டாம், ஃபார்மட் செய்யவும் வேண்டாம். கடைக்காரருக்கு எதிரான சாட்சியமே அந்த டிஸ்க்தான். கல்யாணப் படங்களை வேறொன்றில் காப்பி எடுத்துக்கொண்டு, தெரிந்த ஆள் ஒருவரை வைத்து அந்த டிஸ்க்கை (எஸ்.எஸ்.டி.) கழற்றி ஒரு கவரில் போட்டு ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். கழற்றுவதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி கோளாறுக்கு வருவோம். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. கோர்ட் வாசலில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் தம்பியிடம் கேட்டேன். போட்டோஷாப் திறக்கும்போது ஃபான்ட், பிளக்இன் (கூடச் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்), கிராபிக்ஸ் கார்டு, தற்காலிகமாக எழுதிக்கொள்ள டிஸ்க்கில் இடம் என்று வரிசையாகத் தேடுமாம். அதில் ஒன்று பழுதாக இருந்தாலும் அந்த இடத்திலேயே நிற்கும். கிராக் பிரதியில் இன்னொரு தொல்லை. உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியை வெட்டித் தைத்திருப்பார்கள். விண்டோஸ் அப்டேட் ஆனாலோ, ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைத் தூக்கினாலோ தையல் பிரிந்துவிடும். மூன்று மாதம் ஓடிவிட்டு நின்றதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார் அவர்.

இது வழக்குக்கும் முக்கியம். கோளாறு இயந்திரத்திலா, பிரதியிலா என்பதைப் பொறுத்து உங்கள் மனுவே மாறும். அதைக் கண்டுபிடிக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. புது எஸ்.எஸ்.டி. ஒன்றில் முறையான விண்டோஸைப் போட்டு, அடோபியின் சொந்தத் தளத்திலிருந்து 7 நாள் இலவசச் சோதனைப் பதிப்பை இறக்கி ஓட்டிப் பாருங்கள். நன்றாகத் திறந்தால் இயந்திரம் குற்றமற்றது, பிரதிதான் குற்றவாளி. அப்படியே கடைக்காரர் புதிதாகப் போட்ட ரேமைக் கழற்றிவிட்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய ரேமிலேயே திறந்தால், 3,200 ரூபாய் எதற்கு வாங்கினார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். சோதனைப் பதிப்பும் அதே இடத்தில் நின்றால், ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே திறங்கள். கூடுதல் பிளக்இன்களை விட்டுவிடவா என்று கேட்கும். அதற்கும் மசியவில்லை என்றால் கிராபிக்ஸ் டிரைவர், டிஸ்க் என்று இயந்திரத்தின் பக்கம் போக வேண்டியதுதான். அப்போது உங்கள் கேஸ் ரூ.82,000 கம்ப்யூட்டரைப் பற்றியது ஆகிவிடும். திருட்டுப் பிரதி என்ற சிக்கலே அதில் வராது.

சரி, கேஸ். கடைக்காரரின் வக்கீல் முதலில் கிளப்பப்போகும் ஆட்சேபணை எனக்கு இப்போதே தெரியும்: “மனுதாரர் தொழிலுக்கு வாங்கினார், அவர் நுகர்வோரே அல்ல.” நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன் 2(7) பிரிவு வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை வெளியே நிறுத்துகிறது என்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியிருந்தால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. இதற்கு வழிகாட்டும் தீர்ப்பு நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கு. 1995ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவர் தோற்றுப்போனார். ஆனால் தீர்ப்பில் சொன்ன உதாரணங்கள் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் கைகொடுக்கின்றன. தானே ஓட்ட ஆட்டோ வாங்குபவர், தானே வேலை செய்ய லேத் வாங்குபவர் எல்லாம் நுகர்வோர்தான். ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. உங்களிடம் ஒரு பையன்தானே இருக்கிறான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025ல் பாலி மெடிக்யூர் வழக்கில், தன் அலுவலக வேலைகளைத் தானியங்கியாக்க மென்பொருள் வாங்கிய ஒரு கம்பெனியை நுகர்வோராக ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆகவே மனுவில் ‘ஸ்டூடியோ’, ‘நிறுவனம்’ என்று பெருமைக்கு எழுதிவைக்காதீர்கள். “என் கைத்தொழிலால் குடும்பம் நடத்துகிறேன், அதற்காக மட்டும் வாங்கினேன்” என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரி விட்டுப்போய்த் திரும்பிய மனுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரரின் தவறுகளுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே பெயர் இருக்கிறது. ஒரிஜினல் என்று பொய் சொல்லி விற்றது 2(43)ல் வரும் போலிப் பொருள். 4,000 ரூபாய்க்குப் பில் தராதது 2(47)ல் வரும் முறையற்ற வணிகம். ‘மென்பொருள் எல்லாம் பொருளே அல்ல’ என்று வாதாடினால், கடையில் விற்கும் மென்பொருளும் சரக்குதான் என்று டாட்டா கன்சல்டன்சி வழக்கில் 2004லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அது விற்பனை வரி வழக்கு என்றாலும் இங்கேயும் எடுத்துச் சொல்லலாம்.

ஆனால் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். கிராக் என்று தெரிந்துதான், விலை குறைவு என்பதால்தான் வாங்கினீர்களா? ஆமாம் என்றால் அந்த 4,000 ரூபாயை மறந்துவிடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து செய்த தப்புக்கு ஒருவர் மற்றவரிடம் பணம் கேட்டு வந்தால் எந்த மன்றமும் முகம் கொடுக்காது. கடைக்காரர் மேல் போலீசில் புகார் கொடுக்கும் யோசனை இருந்தாலும் இதையே நினைத்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமை மீறல், பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத (கோர்ட் மனது வைத்தால்தான் கிடைக்கும்) குற்றம் என்று நிட் புரோ வழக்கில் 2022ல் தீர்ப்பாகியிருக்கிறது. அந்தக் கத்தி உங்கள் பக்கமும் திரும்பும்.

உண்மையாகவே ஏமாந்தீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். பல கடைக்காரர்கள் அதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். இல்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், ரூ.5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. (என் தொழிலுக்கே நான் வேட்டு வைக்கிறேன், போகட்டும்.) இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கடைக்காரருடன் பேசிய வாட்ஸ்அப், பணம் அனுப்பிய ரசீது, வீடியோ எல்லாவற்றையும் அந்தந்த போனிலேயே அழியாமல் வையுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் தர வேண்டிவரலாம், அதற்கு அசல் கருவி கையில் இருப்பது நல்லது.

இத்தனைக்கும் முன்னால் பெண்ணின் அப்பா. அவரைக் கடைசியாக வைத்தேனே தவிர, அவசரம் அவர் விஷயத்தில்தான். கம்ப்யூட்டர் கெட்டுப்போனது என்பது அவருக்குச் சொல்லக்கூடிய பதில் அல்ல. அவர் ஒப்பந்தம் போட்டது உங்களோடு. அவரைப் பொறுத்தவரை நீங்கள்தான் சேவையில் குறை வைத்தவர். ஒரு லட்சம் என்பது மிரட்டும் தொகையாக இருக்கலாம். தாமதத்தால் இயல்பாக நேர்ந்த நஷ்டம் எவ்வளவு என்று அவர் நிரூபிக்க வேண்டும். ஆனால் அவர் கேஸ் போட்டால் உங்கள் பதிலுரையை 30 நாளில், ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15 நாளில், தாக்கல் செய்தாக வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று ஹில்லி மல்டிபர்ப்பஸ் வழக்கில் 2020ல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

அந்த நிலைக்குப் போகவிடாதீர்கள். வேறு டிசைனர் ஒருவரிடம் காசு கொடுத்து இந்த வாரமே ஆல்பம் வேலையை முடித்து லேபுக்கு அனுப்புங்கள். அந்தப் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கல்யாண வேலைக்குத்தான் வாங்குகிறேன் என்று கடைக்காரருக்கு அன்றே தெரிந்திருந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில் அந்தச் செலவையும் அவரிடம் கேட்கலாம். அதுவரை திருத்தாத படங்கள் முழுவதையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பெண் வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். பாக்கி வரும்வரை தரமாட்டேன் என்று பிடித்துவைக்கும் பழக்கம் உங்கள் தொழிலில் உண்டு என்று தெரியும். ஆனால் ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கவைத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமையின் முதல் சொந்தக்காரர் அவர்தான் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17(பி).

அப்புறம் வக்கீல் நோட்டீஸுக்குப் பதில். நோட்டீஸில் கொடுத்திருக்கும் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். தாமதத்துக்கு வருத்தம், ஆல்பம் தரும் தேதி, படங்களை ஒப்படைத்த விவரம், பாக்கியில் நீங்கள் விட்டுக்கொடுக்கும் தொகை, இவ்வளவு போதும். அதில் போட்டோஷாப்பைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.