மதுரையில் சரக்கு ரயிலுக்கும் லாரிக்கும் ஒரே முனையம்: எங்கே, எப்படி அமைக்கலாம்?

நிலம் பார்ப்பதற்கு முன் நீளம் பார்க்க வேண்டும். முழு சரக்கு ரயில் ஒன்று உடைக்காமல் நிற்க ஏறக்குறைய 650 மீட்டர் நேர்த்தண்டவாளம் தேவை. அது இல்லாவிட்டால் ரயிலை இரண்டாகப் பிரித்து உள்ளே தள்ள வேண்டும், நேரம் போய்விடும். குறித்த நேரத்தில் இறக்காத வேகனுக்கு ரயில்வே மணிக்கணக்கில் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) போடும்.

அடுத்தது லாரிக் கணக்கு. 42 மூடிய வேகன்களில் அரிசியோ உரமோ வந்தால் சுமார் 2,500 டன். லாரிக்கு 16 டன் என்றாலும் 150 நடைக்கு மேல் ஆகும். ஆகவே லாரி நிற்கும் இடமும் எடைமேடையும் கேட்டுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். வரிசை மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டால் ஊரே திட்டும், அதில் நியாயமும் உண்டு.

கூடல்நகர் கூட்ஸ் ஷெட்டைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டதால் அங்கே விரிவாக்குவது கஷ்டம். என் ஓட்டு கப்பலூர்–திருமங்கலம் பக்கம்தான். விருதுநகர் ரயில்பாதை, நான்குவழிச் சாலை, தொழிற்பேட்டை எல்லாம் அருகருகே இருக்கின்றன. தூத்துக்குடி துறைமுகமும் அந்தத் திசையில்தான். ஆனால் கண்மாய், வாய்க்கால் நிலத்தைத் தொடவே கூடாது, மழைக்காலத்தில் குடோனுக்குள் தண்ணீர் நிற்கும்.

கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்குப் பெரிய லாரி வேண்டாம். முனையத்திலேயே சரக்கைப் பிரித்து, இரவில் குட்டியானையில் அனுப்பினால் போதும். சித்திரைத் தேரோட்ட நாளில் மாசி வீதிகளில் அதுவும் நுழையாது என்பதால், அந்த வாரச் சரக்கைத் தேக்கி வைக்கும் அளவுக்குக் குடோன் வேண்டும்.

2021 டிசம்பரில் வந்த ரயில்வேயின் கதிசக்தி சரக்கு முனையக் கொள்கைப்படி தனியாரும் இதைக் கட்டலாம். லோடுமேன் சங்கங்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.