மார்மன் வரலாறு படிக்க வந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

திருநெல்வேலியிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்கு வரலாற்று முதுகலை படிக்க வந்திருப்பதாகவும், மார்மன் வரலாற்றில் ஆய்வேடு எழுதலாம் என்று பேராசிரியர் யோசனை சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். கிறிஸ்தவரே அல்லாத உங்களுக்கு அந்தத் துறையில் இடம் உண்டா, பணம் கிடைக்குமா, பின்னால் வேலைக்கு ஆகுமா என்பவை உங்கள் கேள்விகள். யூட்டாவில் குடியேறி, நூலகப் பணியிலேயே காலம் கழித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இடம் தாராளமாக உண்டு, பணம் ஓரளவு உண்டு, அந்தத் துறையின் பெயரில் வேலை என்பது மட்டும் ஏறக்குறைய இல்லை.

இந்தத் துறையின் பலம் அதன் ஆவணங்கள்தான். மார்மன்கள் என்பவர்கள் ஜோசப் ஸ்மித்தைத் தீர்க்கதரிசியாக ஏற்று, அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ மரபினர். 1830 ஏப்ரல் 6 அன்று அவர்களுடைய சபை அமைக்கப்பட்ட நாளிலேயே, நடப்பவற்றுக்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்ற கட்டளையும் அவர்களுக்குக் கிடைத்தது. 1844இல் ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டு, 1847இல் பிரிகாம் யங் தலைமையில் இந்தப் பள்ளத்தாக்குக்கு மாட்டு வண்டிகளில் வந்து சேர்ந்த காலத்திலும் அவர்கள் எழுதுவதை நிறுத்தவில்லை. பின்னாளில் சபைத் தலைவரான வில்ஃபர்ட் உட்ரஃப் என்பவரின் நாட்குறிப்புகள் 1833 முதல் 1898 வரை நீள்கின்றன. சபையின் வரலாற்று நூலகம் 2009இல் சால்ட் லேக் சிட்டியின் மையத்தில் புதுக் கட்டடத்துக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் போய்ப் படிக்கலாம். உங்கள் மதம் என்னவென்று அங்கே கேட்பதில்லை. பையையும் பேனாவையும் வெளியே வைத்துவிட்டு, பென்சிலோடு உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஜோசப் ஸ்மித் ஆவணங்கள் 2008 முதல் 2023 வரை 27 தொகுதிகளாக அச்சில் வந்து முடிந்துவிட்டன. இணையத்திலும் இலவசமாகப் படிக்கலாம். எல்லாமே திறந்து கிடக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். தலைமைக் குழுக்களின் கூட்டக் குறிப்புகள் போன்றவை இன்னும் பூட்டிய அறைக்குள்தான். ஆகவே, தலைப்பை முடிவு செய்யும் முன்பே, உங்களுக்கு வேண்டிய தொகுப்பு பார்வைக்குத் திறந்ததுதானா என்று அட்டவணையில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு ஆவண வகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பிரிகாம் யங்கின் பிரசங்கங்களை ஜார்ஜ் வாட் என்ற ஆங்கிலேயர் பிட்மன் சுருக்கெழுத்தில் குறித்தெடுத்தார். பின்னர் அவை அச்சுக்குப் போனபோது கணிசமாகத் திருத்தப்பட்டன என்பது, அண்மைக் காலத்தில் அந்தக் கோடுகளையும் வளைவுகளையும் நேரடியாகப் படித்துப் பெயர்த்தெழுதியபோது தெரிய வந்தது. அச்சில் உள்ள மேற்கோளை நம்பி எழுதப்பட்ட பல வாதங்கள் இதனால் ஆட்டம் கண்டிருக்கின்றன. அந்தச் சுருக்கெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் ஊரில் தட்டச்சுப் பயிலகத்துக்குப் போய்ச் சுருக்கெழுத்து ஹையர் தேர்ச்சி பெற்ற அத்தையோ சித்தியோ உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பாடப் புத்தகத்தை அனுப்பச் சொல்லுங்கள். 1850களின் பிட்மன் சற்று வேறுபட்டதுதான், எழுதியவரின் கைப்பழக்கமும் அதில் கலந்திருக்கும். ஆனாலும் அடிப்படை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

இனி மனிதர்களைப் பற்றி. மார்மன் வரலாற்றுச் சங்கம் 1965இல் தொடங்கப்பட்டது. பொருளாதார வரலாற்றாசிரியரான லெனர்ட் ஆரிங்டன் அதன் முதல் தலைவர். அதன் ஆண்டு மாநாட்டில் பேராசிரியர்களோடு ஓய்வுபெற்ற பல் மருத்துவர்களும், வழக்கறிஞர்களும், தம் முப்பாட்டியின் கதையைத் துருவிக்கொண்டிருக்கும் இல்லத்தரசிகளும் கலந்துகொள்வார்கள். அவர்களை அமெச்சூர் என்று ஒதுக்க முடியாது. ஒரு கடிதத்தின் தேதி தவறு என்று எழுந்து சொல்லுகிறவர் பெரும்பாலும் பேராசிரியராக இருக்க மாட்டார், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். மாணவர்களுக்குப் பயண உதவியும், நல்ல ஆய்வேடுகளுக்குப் பரிசும் சங்கம் தருகிறது. மிசௌரியில் தலைமையகம் கொண்ட கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட் மரபோடு தொடர்புடைய ஜான் விட்மர் வரலாற்றுச் சங்கம் 1972இல் தொடங்கியது. அளவில் சிறியது, புதியவரிடம் நின்று பேச நேரமுள்ளவர்கள் அங்கே அதிகம். ஒரே தீர்க்கதரிசியை ஏற்றுக்கொண்டு, யூட்டாவுக்கு வராமல் பிரிந்து நின்றவர்களின் பார்வையை அறிய அதைவிட நல்ல இடமில்லை.

மார்மன் அல்லாதவர் என்பது குறையாகுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த முதல் சங்கத்துக்கே தலைவராக இருந்த ஜேன் ஷிப்ஸ் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். மாநாட்டில் அறிமுகமாகும் போது நீங்கள் உறுப்பினரா என்று கேட்பார்கள். இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுங்கள், பேச்சு தொடரும். மதம் பரப்ப வீட்டுக் கதவைத் தட்டும் இளம் ஊழியர்கள் வேறு, ஆய்வரங்கத்தில் சந்திப்பவர்கள் வேறு. உறுப்பினர்களாக உள்ள ஆய்வாளர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். 1993 செப்டம்பரில் சபை ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான ஆறு பேரில் மைக்கேல் குவின் போன்ற வரலாற்றாசிரியர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ தளர்ந்திருக்கிறது, சபையே தன் பழைய வழக்கமான பலதார மணத்தைப் பற்றி வெளிப்படையான கட்டுரைகளை வெளியிடுகிறது. ஆனாலும் தாம் எழுதும் ஒரு பத்தி தம் குடும்பத்தில் என்ன செய்யும் என்று யோசித்து எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. உங்களுக்கு அந்தப் பாரம் இல்லை. எனவே ஒருவர் ஏதேனும் ஒரு கேள்விக்கு வாய் திறக்காமல் இருந்தால், அதை அறியாமை என்றோ கோழைத்தனம் என்றோ கொள்ளாதீர்கள்.

பண விஷயம். யூட்டா பல்கலைக்கழகத்தின் டானர் மானுடப் பண்பியல் (ஹியூமானிட்டீஸ்) மையத்தில் மார்மன் ஆய்வுக்கென்றே முனைவர் பட்ட மாணவர்களுக்கான நல்கை உண்டு. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ரெட் மையம் அமெரிக்க மேற்குப் பகுதி பற்றிய ஆய்வுகளுக்குச் சிறு நல்கைகள் தருகிறது, வெளியாரும் விண்ணப்பிக்கலாம். நல்கையில் கல்விக் கட்டணம் போக வாழ்க்கைச் செலவுக்கு வரும் பகுதிக்கு வரி உண்டு என்பதையும், இந்திய மாணவர்களுக்கு வரி ஒப்பந்தத்தில் சலுகை உண்டு என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். இந்த ஊரில் வம்சாவளி தேடித் தரும் தனி வேலைகள் நிறைய வரும், யாராவது உங்களிடமும் கேட்பார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும் நீங்கள், பல்கலைக்கழக அலுவலகத்தைக் கேட்காமல் வெளியில் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது.

வேலைக்கு வருவோம். கிளேர்மான்ட், யூட்டா ஸ்டேட், வர்ஜீனியா எனச் சில பல்கலைக்கழகங்களில் மார்மன் ஆய்வுக்கான பேராசிரியர் இருக்கைகள் உள்ளன. அவை எப்போதோ ஒருமுறைதான் காலியாகும். பிரிகாம் யங் பல்கலைக்கழகம் ஆசிரியர் பணியில் சபை உறுப்பினர்களுக்கே முன்னுரிமை தருகிறது. வரலாற்றுப் படிப்பு ஸ்டெம் என்னும் அறிவியல், தொழில்நுட்பப் பிரிவில் வராததால், படிப்பு முடிந்த பின் இங்கே வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதி 12 மாதம்தான். எனவே உங்கள் ஆய்வேட்டை அமெரிக்கச் சமய வரலாறு, பேரரசு வரலாறு, பெண்கள் வரலாறு போன்ற பெரிய துறை ஒன்றின் பெயரில் நிறுத்தி, மார்மன் ஆவணங்களை அதற்குச் சான்றாகப் பயன்படுத்துங்கள். ஆவணக் காப்பகப் பயிற்சியில் ஒரு சான்றிதழும் சேர்த்துக்கொண்டால் இன்னொரு வழியும் திறந்திருக்கும்.

தலைப்பு கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். 1852இல் சால்ட் லேக் சிட்டியிலிருந்து மதம் பரப்ப அனுப்பப்பட்ட ஊழியர் குழு, ‘மான்சூன்’ என்ற கப்பலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு 1853இல் கல்கத்தாவில் இறங்கியது. அவர்களில் ரிச்சர்ட் பேலன்டைன் உள்ளிட்ட சிலர் அதே ஆண்டில் நம் மதராஸுக்கு வந்தார்கள். பேலன்டைன் 1854இல் அங்கே ஒரு மாத இதழையே அச்சிட்டார். நாட்டு மொழி தெரியாததால் பெரும்பாலும் ஐரோப்பியரிடமும் படைவீரர்களிடமும்தான் பேச முடிந்தது. சேர்ந்தவர்கள் மிகச் சிலர். இந்தக் கதை இதுவரை பெரும்பாலும் அவர்களுடைய நாட்குறிப்புகளின் வழியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மதராஸ் அரசின் கோப்புகளும் அக்காலப் பத்திரிகைகளும் அவர்களை எப்படிப் பார்த்தன என்பதைத் தேட எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் போக வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகத்தானே போகிறீர்கள். இப்போதே பேலன்டைனின் நாட்குறிப்பை எடுத்து, மதராஸில் அவர் சந்தித்த அதிகாரிகள், அச்சகத்தார், பாதிரியார்கள் ஆகியோரின் பெயர்களைத் தேதியோடு பட்டியலிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூரில் கோப்பு கேட்கும் போது பெயரும் தேதியும் கையில் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அங்கே அனுமதி பெற உங்கள் பேராசிரியரின் அறிமுகக் கடிதமும் தேவைப்படும். பருவம் முடிந்து அவர் வெளியூர் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா