நர்சரிச் செடியில் முதல் வெட்டு: போன்சாய் பற்றிய வாசகர் கேள்விகள்

மரங்களைச் சிறு தட்டில் குறுக வளர்க்கும் கலையான போன்சாய் குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நர்சரியில் வாங்கிய புதர்ச்செடியை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தயங்கி நிற்பவர்கள் எழுதியவை. ஆகவே இம்முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: சிறிய இலைகளைக் கொண்ட ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்) செடி ஒன்றை வாங்கியிருக்கிறேன். இரண்டடி உயரம் இருக்கிறது. அடிமரம் என் கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமன். கத்தரிக்கோலோடு அதன் முன் உட்கார்ந்தால் எல்லாக் கிளைகளும் வேண்டும் போலவும் இருக்கிறது, எதுவுமே வேண்டாம் போலவும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மண்ணிலிருந்து தொடங்குங்கள், கத்தரிக்கோலுக்கு இன்னும் நேரம் வரவில்லை. நர்சரிகளில் ஒரு செடியைச் சிறிய பையிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றும்போதெல்லாம் மேலே கொஞ்சம் மண் ஏறிவிடுவதால், அடிமரம் வேராக விரிகிற இடம் பல செடிகளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்து கிடக்கும். ஒரு மரக்குச்சியையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷையும் வைத்துக்கொண்டு மேல்மண்ணை மெதுவாகக் கிளறி அகற்றுங்கள். வழியில் மெல்லிய சல்லிவேர்கள் சில குறுக்கிடும். அவற்றைத் தயங்காமல் கத்தரிக்கலாம். தடித்த வேர்கள் நாலா பக்கமும் பிரிகிற இடம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் அடிமரம் நீங்கள் நினைத்திருந்ததைவிட நன்றாகப் பருத்திருக்கும். சிறிய மரமொன்று வயதான மரமாகக் கண்ணுக்குத் தெரிவதற்கு முதற்காரணம் அந்த வேர்விரிவுதான். கிளைகள் எல்லாம் அதற்குப் பிறகே.

அடுத்து, செடியை உங்கள் கண்மட்டத்துக்கு உயர்த்தி வைத்துச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் இலைக்கூட்டம் மட்டுமே தெரியும். வேர்விரிவு அகலமாகத் தெரிகிற, அடிமரத்தின் வளைவு மறைந்துபோகாத, கீழ்ப்பகுதியில் எந்தக் கிளையும் நேராக உங்கள் கண்ணை நோக்கி நீளாத பக்கம் எதுவோ அதுவே செடியின் முகப்பு. முகப்பு முடிவாகாமல் வெட்டத் தொடங்குகிறவர்கள்தான் கடைசியில் இரண்டு கிளைகளோடு விழிக்கிறார்கள்.

இனி உயரத்துக்கு வருவோம். அடிமரப் பருமனைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு உயரம் என்பது இக்கலையில் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கு. ஒல்லியாக ஓங்கி நிற்கும் பாணிகளும் உண்டு. அவை இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஆனால் தொடங்குகிறவருக்கு இது நல்ல கைப்பிடி. உங்கள் அடிமரம் மூன்று சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மரத்தின் உயரம் பதினெட்டு சென்டிமீட்டர் அளவில் நிற்க வேண்டும். அதாவது இப்போதிருக்கும் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். படிக்கும்போது இது கொடூரமாகத் தோன்றலாம். ஆனால் தலைப்பகுதியை அப்படியே விட்டுவிட்டுப் பக்கக் கிளைகளை மட்டும் கழித்தால் கிடைப்பது மொட்டைக் கம்பத்தின் உச்சியில் ஒரு கொத்து இலை; தொடக்கநிலைப் போன்சாய்களில் நான் மிகுதியாகப் பார்ப்பது அதைத்தான்.

அந்த உயரத்துக்குச் சற்றுக் கீழே, இலைகள் நிறைந்த பக்கக் கிளை ஒன்றைத் தேடுங்கள். அதற்கு மேலே அடிமரத்தைச் சாய்வாக வெட்டினால், அந்தக் கிளையே நிமிர்ந்து புதிய உச்சியாகிவிடும். தடித்த தண்டிலிருந்து மெல்லிய கிளைக்குத் தாவுவதால் அடி பெருத்து நுனி சிறுக்கும் தோற்றமும் தானாக வந்துவிடும். வெட்டும்போது விரல்தடிமன் அளவுக்கு ஒரு கட்டையை விட்டே வெட்டுங்கள். வெட்டுவாய் சிறிது தூரம் உள்ளே காய்ந்து இறங்குவதுண்டு. புதுத் துளிர்கள் வந்த பிறகு அந்தக் கட்டையைச் சீவிவிடலாம். ஃபைகஸ் பால் வடிக்கும். ஈரத்துணியால் ஒற்றினாலோ தண்ணீர் தெளித்தாலோ நின்றுவிடும். சிலருக்கு அந்தப் பால் தோலில் அரிப்பை உண்டாக்கும், கையுறை நல்லது.

பிறகே பக்கக் கிளைகள். ஒரே இடத்திலிருந்து மூன்று நான்கு கிளைகள் கிளம்பியிருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் வீங்கி, அடியைவிட நடுப்பகுதி பருத்த மரமாகிவிடும். வளைவின் உட்புறத்தில் முளைத்தவை, செங்குத்தாக மேலே பாய்பவை, நேர் கீழே தொங்குபவை ஆகியவையும் போகலாம். முதல் பெரிய கிளை மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தால் கண்ணுக்கு இணக்கமாக இருக்கும். ஒரு கிளையை எடுப்பதா விடுவதா என்ற ஐயம் வந்தால் அதன்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு நாலடி பின்னே சென்று பாருங்கள். அது இல்லாத மரம் எப்படி இருக்கும் என்பது அப்போது தெரிந்துவிடும். அப்படியும் முடிவு வராவிட்டால் கிளை அடுத்த மாதம்வரை இருக்கட்டும். வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு கிளையிலும் சில இலைகளாவது மிஞ்ச வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இலை முழுதும் இழந்த கிளையை ஃபைகஸ் சில வேளைகளில் அப்படியே காயவிட்டுவிடும்.

இவ்வளவும் செழிப்பாக, வேகமாகத் துளிர்விட்டுக்கொண்டிருக்கும் செடிக்குச் சொன்னது. வாங்கி வந்தவுடன் இலை உதிர்க்கும் செடியைச் சில வாரங்கள் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியின் உள்பகுதி அடர்த்தியாக இருந்ததால் நன்றாகச் சுத்தம் செய்தேன். சில கிளைகளை நடுவில் வெட்டிவிட்டேன். மூன்று மாதமாகியும் அந்தக் கிளைகளில் ஒரு துளிர்கூட வரவில்லை. உரம் போட்டால் வருமா?

பதில்: வராது. ஃபைகஸைப் போன்ற அகன்ற இலைத் தாவரங்களில் பழைய மரப்பட்டைக்கு அடியிலும் உறங்கும் மொட்டுகள் இருக்கும். வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். ஜூனிபரில் பசுமை முற்றிலும் போன பழைய கிளை பெரும்பாலும் மீண்டும் துளிர்ப்பதில்லை. ஆகவே ஜூனிபரில் ஒரு கிளையைக் குறுக்கும்போது, வெட்டுகிற இடத்துக்குக் கீழே பச்சைத் தளிர் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வெட்ட வேண்டும். உள்பகுதியில் இருக்கும் சின்னஞ்சிறு தளிர்களைக் குப்பையென்று கழிப்பதும் தவறு. நாளைக்குக் கிளையைக் குறுக்க நினைத்தால் கைகொடுப்பவை அவைதாம். நுனிகளை வேலி வெட்டுவதுபோல மட்டமாகச் சீவுவதையும் தவிர்த்துவிடுங்கள். வெட்டுப்பட்ட நுனிகள் பழுப்பாகிவிடும்.

காய்ந்த கிளைகளை அடியோடு நீக்க அவசரப்பட வேண்டாம். பட்டையை உரித்து, நுனியைக் கூராக்கி, உலர்ந்த கொம்பாக மரத்திலேயே விட்டுவைப்பது ஜூனிபர் போன்சாயில் மதிக்கப்படும் அலங்காரம். இன்னொரு செய்தி: வேர் இறந்த பிறகும் ஜூனிபர் பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும். செடி முழுதும் பச்சையாக இருக்கிறதே என்று நிம்மதி அடையாமல், நுனிகளில் புது வளர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கவாத்து செய்த அன்றே ஆழமற்ற போன்சாய்த் தட்டுக்கு மாற்றிவிடலாமா? காணொளிகளில் எல்லாம் ஒரே மூச்சில் செய்துவிடுகிறார்களே.

பதில்: காணொளி அன்றோடு முடிந்துவிடுகிறது, அந்தச் செடி ஆறு மாதம் கழித்து என்னவாயிற்று என்று யாரும் காட்டுவதில்லை. இலையைப் பெருமளவு இழந்த செடி, புதுத் துளிர்விட வேரில் சேமித்துள்ள உணவையும் நம்பியிருக்கிறது. அதே நாளில் வேரையும் வெட்டினால் அதன் இரண்டு வழிகளும் அடைபடுகின்றன. கைதேர்ந்தவர்கள் சில வகை மரங்களில், சரியான பருவத்தில், இரண்டையும் சேர்த்துச் செய்வதுண்டு. நீங்கள் முதலில் தண்டையும் கிளையையும் கவனியுங்கள். நல்ல புது வளர்ச்சி வந்த பிறகு, ஃபைகஸ் என்றால் வெப்பமும் ஈரமும் உள்ள காலத்திலும், இலையுதிர் வகைகள் என்றால் வசந்தத்தில் மொட்டுகள் உப்பத் தொடங்கும் நேரத்திலும் தட்டு மாற்றுங்கள். ஜூனிபருக்குப் பழைய மண் முழுவதையும் ஒரே தடவையில் உதறிவிடக் கூடாது. பாதியை இப்போதும் மீதியை அடுத்த மாற்றத்தின் போதும் எடுங்கள்.

தட்டில் இடும் கலவையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்த பிறகு அடியில் ஓரளவு உயரத்துக்கு ஈரம் தேங்கியே நிற்கும். அந்த உயரம் மண்ணின் துகளைப் பொறுத்தது. தொட்டியின் ஆழத்தைப் பொறுத்தது அன்று. எனவே ஆழமான தொட்டியில் அடிப்பகுதியில் மட்டும் தங்கிவிடுகிற ஈரம், ஆழமற்ற தட்டில் வேர்ப்பகுதி முழுவதையும் மூழ்கடித்துவிடும். தோட்ட மண்ணும் நுண்மணலும் தட்டுக்கு ஒத்துவராததற்கு இதுவே காரணம். பியூமிஸ் (நுரைக்கல்), எரிமலைக் கல், உடைத்த செங்கல் போன்றவற்றை மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் துகளாகச் சலித்து, தூசியைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். செடியைத் தட்டின் துளைகள் வழியே கம்பி கோத்துக் கட்டிவிடுவதும் அவசியம். காற்றில் ஆடும் செடியில் புதுவேர் பிடிக்காது.

கேள்வி: கம்பி சுற்றி வளைத்த கிளையில் திருகுத் தழும்பு விழுந்துவிட்டது. எத்தனை நாளில் கம்பியை எடுக்க வேண்டும்?

பதில்: நாள் கணக்கு கிடையாது, கம்பி பட்டையில் பதியத் தொடங்குவதைக் கண்டதும் எடுத்துவிட வேண்டும். வேகமாக வளரும் ஃபைகஸில் சில வாரங்களிலேயே இது நேரும் என்பதால் வாரம் ஒருமுறை பாருங்கள். கிளை பழைய நிலைக்குத் திரும்பினால் வேறு தடத்தில் மீண்டும் சுற்றிக்கொள்ளலாம். அலுமினியக் கம்பியானால் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் போதும்; ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகைச் சாய்வில், பட்டையை ஒட்டி, ஆனால் இறுக்காமல் சுற்றுங்கள். வளைவின் வெளிப்புறத்தில் கம்பி அமைந்தால் கிளை பிளக்காது. எடுக்கும்போது சுற்றைப் பிரிக்க முயன்றால் மொட்டுகள் உதிரும், கிளையும் முறியலாம். சிறு சிறு துண்டாக வெட்டி எடுப்பதே சரி. இப்போது விழுந்த தழும்பு ஃபைகஸில் காலப்போக்கில் பெரும்பாலும் மங்கிவிடும்.

கேள்வி: இது செடியைச் சித்திரவதை செய்வதாகாதா?

பதில்: வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசியத் தாவரப் பூங்காவில் யமாகி பைன் என்ற மரம் இருக்கிறது. 1625 முதல் போன்சாயாக வளர்க்கப்பட்டு வருவது. 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் தப்பி, 1976இல் அமெரிக்காவுக்குக் கொடையாக வந்தது. பட்டினி போட்டு வளர்க்கப்படும் மரம் அத்தனை நூற்றாண்டு வாழாது. உரமும் தண்ணீரும் போன்சாய்க்குக் குறைவாகத்தான் தர வேண்டும் என்பது வெறும் கதை.

கேள்வி: தட்டில் வைத்து இரண்டு ஆண்டாகியும் அடிமரம் பென்சில் பருமனிலேயே நிற்கிறது. எப்போது பருக்கும்?

பதில்: தட்டில் இருக்கும்வரை கண்ணில் தெரியும்படி பருக்காது. தண்டு பருப்பது தடையற்ற வளர்ச்சியால். ஆழமான தொட்டிக்கோ தரைக்கோ மாற்றி, அடியில் உள்ள ஒரு கிளையை வெட்டாமல் நீளவிடுங்கள். அந்தக் கிளை எவ்வளவு ஓடுகிறதோ அந்த அளவுக்கு அதற்குக் கீழே உள்ள தண்டு தடிக்கும். போதுமான பருமன் வந்ததும் அந்தக் கிளையை நீக்கிவிடலாம். வடிவத்துக்காக வைத்த கிளை அன்று என்பதால் அதன் அழகைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கேள்வி: முதல் கவாத்துக்குப் பிறகு ஃபைகஸ் தாறுமாறாகத் துளிர்க்கிறது. வந்ததையெல்லாம் கிள்ளிக்கொண்டே இருக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒவ்வொரு துளிரும் ஆறு முதல் எட்டு இலை விடும்வரை காத்திருந்து, பிறகு இரண்டு முதல் நான்கு இலைகளோடு நிறுத்தி வெட்டுங்கள். வெட்டுக்குக் கீழே இலைக்காம்பின் இடுக்கிலிருந்து புதுக்கிளைகள் பிரியும். நுனி மொட்டில் உருவாகும் ஆக்ஸின் என்ற ஊக்கி கீழ் மொட்டுகளை அடக்கி வைப்பதால், உச்சி எப்போதும் கீழ்க்கிளைகளைவிட வேகமாக ஓடும். எனவே எல்லா இடத்திலும் ஒரே அளவாக வெட்டாமல், உச்சியில் இரண்டு இலையோடும் கீழ்க்கிளைகளில் நான்கு இலையோடும் நிறுத்துங்கள். கீழ்க்கிளை நலிந்திருந்தால் அதை இம்முறை தொடவே வேண்டாம்.