தோனியின் கேப்டன்ஸி: அதிர்ஷ்டமா, கணக்கா?

வணக்கம் சார்,

2007 டி20 உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் கடைசி ஓவரை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தது சூதாட்டம்தானே? பாகிஸ்தானின் மிஸ்பா பந்தைப் பின்பக்கம் அள்ளித் தூக்கிய அந்த ஸ்கூப் ஷாட் சரியாகப் பட்டிருந்தால் தோனியின் கதையே வேறு. வெள்ளைப் பந்தில் (ஒருநாள், டி20) கோப்பைகளை அள்ளியவர், இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் டெஸ்ட் தொடரை 0-4 என்று ஏன் கோட்டைவிட்டார்? அதிர்ஷ்டம் தீர்ந்துவிட்டதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அன்றைய ஸ்கோர்கார்டை எடுத்துப் பாருங்கள். இர்ஃபான் பதான், ஆர்.பி. சிங், ஸ்ரீசாந்த் மூவரும் ஒருவருக்கு அனுமதியுள்ள 4 ஓவரையும் முடித்துவிட்டார்கள். பெரிய பெயர்களில் மிச்சம் ஹர்பஜன் மட்டும். அவருடைய முந்தைய ஓவரில்தான் மிஸ்பா மூன்று சிக்ஸர் அடித்திருந்தார். ஜோகிந்தரோ இரண்டு நாள் முன்பு ஆஸ்திரேலியாவுடனான அரையிறுதியில் கடைசி ஓவர் போட்டு முடித்தவர். தேவை 13 ரன். முதல் பந்து வைட், பிறகு ஒரு சிக்ஸர். அதுவரை உங்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் ஸ்கூப் அடிக்க பந்தில் வேகம் வேண்டும். ஜோகிந்தரிடம் அது இல்லை. பந்து தூரம் போகாமல் மேலே எழும்பி, ஷார்ட் ஃபைன் லெக்கில் நின்ற ஸ்ரீசாந்தின் கைக்கு வந்தது. அதிர்ஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் தோனியைப் புரிந்துகொள்ள 2013 சாம்பியன்ஸ் டிராபி இறுதிதான் நல்ல பாடம். எட்ஜ்பாஸ்டன், மழையால் 20 ஓவராகச் சுருங்கிய ஆட்டம். இங்கிலாந்துக்கு 18 பந்தில் 28 ரன், கையில் 6 விக்கெட். புவனேஷ்வருக்கும் உமேஷுக்கும் ஓவர் பாக்கி. இருந்தும் அன்று நன்றாக அடிவாங்கிய இஷாந்திடம் பந்து போனது. மோர்கன் ஒரு சிக்ஸர், தொடர்ந்து இரண்டு வைட். அடுத்தடுத்த பந்துகளில் மோர்கனும் போபாராவும் அவுட், இரண்டு கேட்சும் அஸ்வின். இதில் இஷாந்தை மட்டும் பார்ப்பவர்கள், பந்து திரும்பிய அந்த பிட்ச்சில் சுழற்பந்து வீச்சாளர்கள் ஜடேஜாவுக்கும் அஸ்வினுக்கும் தலா ஒரு ஓவர் மிச்சம் வைத்திருந்ததைக் கவனிப்பதில்லை. ஜடேஜா 19-வது ஓவரில் 4 ரன்தான் கொடுத்தார். கடைசி ஓவரில் 15 தேவை; அஸ்வின் போட்டார், இந்தியா 5 ரன்னில் வென்றது.

ரன்னை அடைத்துவிட்டு பேட்ஸ்மேன் தானாகத் தவறு செய்யக் காத்திருப்பது, இதுதான் தோனியின் முறை. ஓவருக்குக் கணக்கு இருக்கும் ஆட்டத்தில் இது பலிக்கும். டெஸ்டில் எதிரணிக்கு அவசரம் இருந்தால் மட்டுமே பலிக்கும். 2008 நாக்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு அவசரம் இருந்தது. தொடரில் 0-1 என்று பின்தங்கியிருந்தார்கள். ஆஃப் சைடில் எட்டுப் பேர், லெக் சைடில் ஒரே ஆள் என்று நிறுத்தி, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஜாகீரையும் இஷாந்தையும் போடவைத்தார். மூன்றாம் நாள் காலை முழுக்க அவர்களுக்கு 42 ரன்தான். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் தொடர் கைக்கு வந்தது.

2011 இங்கிலாந்தில் அலஸ்டர் குக்குக்கு என்ன அவசரம்? எட்ஜ்பாஸ்டனில் 294 அடித்தார், அணி 710. ஜாகீர் லார்ட்ஸில் முதல் நாளே காயத்தால் வெளியேறியிருந்தார். விக்கெட் விழாதபோது கீப்பர் பக்கத்தில் கேட்சுக்கு நிற்கும் ஸ்லிப்பைக் கலைத்து எல்லைக்கோட்டுக்கு ஆள் அனுப்பினால், நின்று ஆடுபவருக்கு ஒற்றை ரன் சும்மா கிடைக்கும். எட்ஜ் எடுத்தாலும் பிடிக்க ஆள் இருக்காது. இது கேப்டனின் தவறு, அதிர்ஷ்டத்தை இழுக்கவேண்டாம். (ஆஸ்திரேலியத் தொடரின் நான்காவது டெஸ்டில் தோனி ஆடவில்லை, சேவாக் கேப்டன். அந்தக் கணக்கை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.)

அவர் முறையை மாற்றிய நாளும் உண்டு. 2014 லார்ட்ஸ், ஐந்தாம் நாள். ரூட்டும் மொயின் அலியும் நங்கூரம் போட்டுவிட்டார்கள். தயங்கிய இஷாந்தை வற்புறுத்தி பவுன்சர் போடவைத்தார் தோனி. உணவு இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்தில் மொயின் ஷார்ட் லெக்கில் புஜாராவிடம் கேட்ச். பிறகு பிரையர், ஸ்டோக்ஸ், ரூட் மூவரும் புல் அடித்து லெக் சைடில் கேட்ச் கொடுத்தார்கள். இஷாந்துக்கு 74 ரன்னுக்கு 7 விக்கெட். அப்படிப்பட்ட நாட்கள் குறைவு என்பதால்தான் கேப்டனாக அவர் வென்ற 27 டெஸ்டுகளில் 21 இந்திய மண்ணில் வந்தவை.