கம்பளியில் விழும் துளைகள்

கேள்வி: அலமாரியில் மடித்து வைத்த கம்பளிச் சால்வையிலும், தரைவிரிப்பின் ஓரத்திலும் சிறு துளைகள் தென்படுகின்றன. அந்துருண்டை வைத்தும் பயனில்லையே, ஏன்?

பதில்: துணியை அரிப்பது பறக்கும் அந்துப்பூச்சி அன்று; அதன் புழுக்களே கம்பளி, பட்டு, இறகு போன்றவற்றைத் தின்கின்றன. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த துணியை அவை மிகவும் நாடுவதால், உடுத்தியதைத் துவைக்காமல் மடித்து வைப்பதே பெரும்பாலும் இத்தொல்லையின் தொடக்கம் என்பேன். சால்வையை நெகிழிப்பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிருள்ள ஃபிரீசரில் ஒரு வாரம் வைத்தால், முட்டைகளும் புழுக்களும் மடியும். விரிப்பைப் பொறுத்தவரை, நாம் நடக்கும் நடுப்பகுதியைவிட, கட்டிலுக்கும் சோபாவுக்கும் அடியில் வெளிச்சம் படாத பகுதியையே வாக்குவம் கிளீனரால் அடிக்கடி சுத்தம் செய்யுங்கள்.

அந்துருண்டையின் ஆவி இறுக மூடிய பெட்டியில்தான் செறிவடையும். அடிக்கடி திறக்கும் அலமாரியில் அது வீண். கைக்குழந்தையின் துணியருகே அதை வைக்கவே கூடாது.